புருணையில் தைத்த பதினோராவது சட்டை

நம் தையல் சங்கத்தின் ஆண்டு விழாவில் புருணை நாட்டைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசச் சொல்லித் தலைவர் கேட்டார். கத்தரிக்கோலைப் பிடித்தால் நடுங்காத என் கை, மைக்கைப் பிடித்தால் நடுங்கும். பேசுவதற்குப் பதில் விழா மலருக்கு எழுதித் தருகிறேன் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். சங்கத்து இளைஞர்கள் இரண்டு பேர் அடுத்த மாதம் அந்த நாட்டுக்குத் தைக்கப் போகிறார்கள். முக்கியமாக அவர்களை நினைத்துத்தான் எழுதுகிறேன். பத்தாம் வகுப்போடு நின்றவன் நான். பிழை இருந்தால் மலர்க்குழுவினர் திருத்திக்கொள்ளட்டும்.

ஊருக்குத் திரும்பி இரண்டு வருஷம் ஆகிறது. ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நின்றாலும், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒரு விசேஷத்துக்குப் போனாலும் ஒரே கேள்விதான் வருகிறது. அந்த ராஜா வீடு பூராவும் தங்கமாமே என்று. அரண்மனையின் கூரையில் தங்க நிறத்தில் கும்பம் மின்னும், அதை நானும் ஆற்றோரமாக நின்று பார்த்திருக்கிறேன். அதற்கு மேல் தங்கத்தைப் பற்றி எனக்குத் தெரியாது. இருபத்தாறு வருஷம் அந்த நாட்டைத் தோள் அளவு, நெஞ்சளவு, கை நீளம் என்றுதான் தெரிந்துவைத்திருக்கிறேன்.

சின்ன நாடு. நம் விருதுநகர் மாவட்டத்தைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். ஜனம் நம் மாவட்டத்தில் கால்வாசிகூட வராது. ஒரு பக்கம் கடல், மற்ற பக்கமெல்லாம் மலேசியா. நடுவில் மலேசியாவின் நிலம் புகுந்து நாட்டையே இரண்டு துண்டாக்கியிருக்கும். கடலுக்குள்ளும் கரையிலும் எண்ணெய் எடுக்கிறார்கள். மேற்கே எண்ணெய் ஊருக்கு யூனிபாரம் கொடுக்கப் போகும்போதெல்லாம் ரோட்டோரத்தில், வீடுகளுக்கு நடுவில், இரும்புப் பம்புகள் தலையை ஆட்டி ஆட்டி எண்ணெய் இறைப்பதைப் பார்ப்பேன். அந்த எண்ணெயால்தான் குடிமக்களுக்கு வருமான வரி கிடையாது, பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கிட்டத்தட்ட இலவசம். வீட்டுக்கு வீடு கார். மதுக்கடை கிடையாது. எந்தக் கடைக்குள் போனாலும் சுல்தானின் படம் மாட்டியிருக்கும். வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணி ஆனால் தொழுகைக்காக எல்லாக் கதவையும் சாத்திவிடுவார்கள். இரண்டு மணி வரை ஒரு டீகூடக் கிடைக்காது.

எனக்குப் பிடித்தது வேறொன்று. அந்த ஊரில் யாரும் சத்தம் போட்டுப் பேசமாட்டார்கள். ஒருவரை ஆள்காட்டி விரலால் சுட்டினால் மரியாதைக் குறைவு. விரல்களை மடக்கிக் கட்டை விரலால் மெதுவாகக் காட்டுவார்கள். ஆள் கூடின இடத்தில் பேசக் கூச்சப்படுகிறவனுக்கு இதைவிட நல்ல ஊர் வேறு எது?

நான் தையலுக்கு வந்த கதை பெரிதில்லை. பள்ளியை விட்டதும் மூன்று வருஷம் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் நூலைக் கோனில் சுற்றும் பிரிவில் இருந்தேன். பஞ்சுத் தூசி நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மாஸ்டரிடம் போய்ப் பொத்தானுக்குக் காஜா எடுப்பதில் தொடங்கி ஆறு வருஷம் தையல் கற்றேன். கல்யாணமான மறு வருஷம், சுந்தரபாண்டியத்தில் என் மனைவியின் உறவுக்காரர் ஒருவர் மூலம் விசா வந்தது.

கடை தலைநகரத்தில் ஆற்றங்கரைக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தது. முன்பக்கம் துணி வியாபாரம், பின்பக்கம் தையல். முதலாளி ராமநாதபுரம் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர், சிறு வயதிலேயே கப்பலேறிப் போனவர். நான் போனபோது அவருக்கு அறுபது வயதிருக்கும். காதில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருப்பார். திட்டமாட்டார். தையலில் தப்பு இருந்தால், தப்பு மேலே தெரியும்படி உடுப்பை மடித்து, அந்த இடத்தில் சிவப்புக் கொண்டை வைத்த குண்டூசி ஒன்றைக் குத்தி, நம் மிஷின்மேல் வைத்துவிட்டுப் போய்விடுவார். ஒரு தப்புக்கு ஒரு ஊசி. முதல் மாதம் ஒருநாள் நான் தைத்த சட்டையில் ஏழு ஊசி நின்றது. பக்கத்து மிஷின்காரர் மணி அண்ணன் எட்டிப் பார்த்தார். தேவதானத்துக்காரர். எனக்கு ஆறு வயது மூத்தவர்.

"ஏலே, சட்டை தச்சியா, முள்ளம்பன்னி தச்சியா?"

இப்படித்தான் பேசுவார். அன்றைக்குச் சாயங்காலம் ஏழு இடத்தையும் பிரித்துத் தைக்கக் கூட உட்கார்ந்தவரும் அவர்தான்.

அந்தக் கடையில் சில நடைமுறைகள் இருந்தன. போகப் போகிற தம்பிகள் இதைக் கவனித்துப் படிக்க வேண்டும்.

நம் ஊரில் அளவெடுப்பவர் "நெஞ்சு நாற்பத்திரண்டு, இடுப்பு நாற்பது" என்று கத்த, இன்னொருவர் எழுதுவார். முதல் வாரம் நானும் அப்படியே கத்தினேன். வந்திருந்தவர் கொஞ்சம் தடிமனான ஒரு சர்க்கார் அதிகாரி. சிரித்தார், ஆனால் காது வரை சிவந்துபோனார். அவர் போனபிறகு முதலாளி என்னைக் கூப்பிட்டு, "தம்பி, அவுக உடம்பு அளவு அவுகளுக்கும் நோட்டுக்கும் தெரிஞ்சாப் போதும்" என்றார். அதிலிருந்து அளவை வாயால் சொல்வதில்லை. டேப்பைப் பார்ப்போம், மனதில் வைத்துக்கொள்வோம், திரும்பி நின்று எழுதுவோம்.

பெண்களை ஆண் தையல்காரர் தொட்டு அளவெடுப்பதில்லை. நன்றாகப் பொருந்துகிற பழைய உடுப்பு ஒன்றைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதை மேஜையில் விரித்து அளந்து தைப்போம். தைத்து முடித்த எதையும் கடைக்குள்ளிருக்கும் டியூப் லைட்டில் பார்த்துக் கொடுக்கக் கூடாது, வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் விரித்துப் பார்க்க வேண்டும். கடைசியாக, வெட்டியதில் மிஞ்சும் துண்டு கைக்குட்டை அளவு இருந்தாலும் அது துணி கொடுத்தவருக்குச் சொந்தம். அந்த ஊர்ப் பெண்கள் துண்டுகளைச் சேர்த்து ஒட்டுப்போட்டு விரிப்பு தைப்பார்கள். அதனால் ஒவ்வொரு உடுப்போடும் அதன் மிச்சத் துண்டுகளை ஒரு சின்ன மூட்டையாகக் கட்டிப் பெயர் எழுதி வைப்போம்.

நோன்புப் பெருநாள்தான் எங்களுக்கு அறுவடைக்காலம். அன்றைக்கு ஒரு குடும்பம் என்றால் தாத்தாவிலிருந்து கைக்குழந்தை வரை எல்லோரும் ஒரே நிறத்தில் உடுத்துவார்கள். ஆண்களுக்கு முழுக்கைச் சட்டையும் அதே துணியில் கால்சட்டையும், இடுப்பைச் சுற்றிச் சரிகை போட்ட ஒரு துண்டும். அதைச் சிஞ்ஜாங் என்பார்கள். பெண்களுக்கு முழங்கால் வரை நீண்ட அங்கியும் பாவாடையும். ரோட்டில் பச்சைக் குடும்பம் ஒன்று போகும், பின்னாலேயே ஊதாக் குடும்பம் ஒன்று வரும். பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். பெருநாளுக்கு மறுநாளிலிருந்து மூன்று நாள் அரண்மனையைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவார்கள். சாப்பாடு உண்டு. ஆண்கள் வரிசையில் போய்ச் சுல்தானுக்குக் கை கொடுக்கலாம், பெண்கள் ராணிக்கு. வேலைக்குப் போன நம்மைப் போன்றவர்களும் போகலாம்.

போன முதல் வருஷம் நானும் கிளம்பினேன். தலை தீபாவளிக்கு என் மனைவி எடுத்துக்கொடுத்த மஞ்சள் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டேன். மங்கலமான நிறமாயிற்றே என்றுதான். அறை வாசலில் மணி அண்ணன் மறித்துக்கொண்டார்.

"நீ என்னலே இளவரசனா? மஞ்ச அவிய குடும்பத்து நெறம். அதப் போட்டுட்டு அரண்மனைக்குள்ள போவியா? கழத்துலே."

அவருடைய சட்டையைக் கொடுத்தார். என் உடம்புக்கு அது இரண்டு பேர் போடும் சட்டை. இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று, ஒரு நொடி கை கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். வெளியே வந்தும் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. அதையும் விடாமல், அந்தக் கையைக் கழுவாமல் ஊர் வரைக்கும் கொண்டுபோகப் போகிறாயா என்று அண்ணன் கேலி செய்தார்.

எட்டாவது வருஷம் வெட்டும் மேஜைக்கு வந்தேன். பழைய கட்டிங் மாஸ்டர் ஊருக்குப் போய்விட்டார். மூத்தவர் என்ற முறையில் முதலாளி முதலில் மணி அண்ணனைத்தான் கேட்டார். அவர் மாட்டேன் என்றுவிட்டார். தையல் தப்பினால் பிரித்துக்கொள்ளலாம், வெட்டு தப்பினால் ஒட்டவா முடியும், அந்தப் பாவம் எனக்கு வேண்டாம் என்றார். ஆகவே கத்தரிக்கோல் என்னிடம் வந்தது. ஒரு பெருநாளைத் தப்பில்லாமல் தாண்டினால் மேஜை உனக்கு, இல்லையென்றால் மறுபடியும் மிஷினுக்கு, என்று முதலாளி சொன்னார். மிரட்டலாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார்.

அந்தப் பெருநாளுக்குத்தான் ஹாஜா சல்மா வந்தார். ஹஜ் போய்வந்த ஆண்களை அங்கே ஹாஜி என்றும் பெண்களை ஹாஜா என்றும் அழைப்பார்கள். அவர் வீடு ஆற்றின்மேல். புருணையில் ஆற்றுக்குள் கட்டை நட்டு, அதன்மேல் பலகை வீடுகள் கட்டி ஒரு ஊரே இருக்கிறது. பள்ளிக்கூடம், பள்ளிவாசல் எல்லாம் தண்ணீர்மேல்தான். அவருடைய கணவர் அங்கே முப்பது வருஷத்துக்கு மேல் ஆள் ஏற்றும் படகு ஓட்டியவர்.

எங்கள் கடையிலேயே மயில்கழுத்து நிறத்தில் ஒரு துணியைத் தேர்ந்தெடுத்தார். பத்துப் பேருக்கு மாதிரி உடுப்புகளைக் கொண்டுவந்திருந்தார். அவர், மூன்று மகன்கள், இரண்டு மருமகள்கள், நான்கு பேரப்பிள்ளைகள். பதினோராவதாகக் கணவரின் பழைய சட்டையைப் பையிலிருந்து எடுத்தார், விரித்துப் பார்த்தார், திரும்பப் பைக்குள்ளேயே வைத்துவிட்டார்.

அவர் முதலாளியிடம் மலாயில் சொன்னதன் சாரம் இது. போன வருஷம் பெருநாளுக்கு ஒரு மாதம் முன்னால் கணவர் ஹாஜிக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. இளவயதிலிருந்து ஒரு வருஷம்கூட விடாமல் குடும்பத்தோடு அரண்மனைக்குப் போனவர், அந்த வருஷம் போகவில்லை. பிள்ளைகள் உடுத்திக்கொண்டு கிளம்பியபோது சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு எதையும் கேட்டதில்லை. சாப்பாடுகூடக் கேட்கமாட்டார். போன வாரம் முதல்முறையாகக் கேட்டாராம், இந்த வருஷம் என்ன நிறம் என்று. மகன்கள் சக்கர நாற்காலியில் வைத்துக் கூட்டிப்போவதாக இருக்கிறார்கள். எல்லோரோடும் ஒரே நிறத்தில் அவரை உட்காரவைக்க வேண்டும். பழைய சட்டை இப்போது பொருந்தாது. யாராவது வீட்டுக்கு வந்து அளவெடுக்க முடியுமா?

முதலாளி என்னைப் பார்த்தார். "நீ போ தம்பி. நீதான் அதிகம் பேசமாட்டே" என்றார்.

நோன்பு மாதத்தில் ஒரு காலை வேளையில் படகில் போனேன். பலகைப் பாலத்தில் நடக்க நடக்கக் கீழே தண்ணீர் மினுங்கியது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். ஹாஜி கட்டிலில் சாய்ந்திருந்தார். பெரிய எலும்புக் கட்டு. அதன்மேல் சதை வற்றிப்போய்த் தோல் மட்டும் இருந்தது. என்னைப் பார்த்ததும் இடது கையால் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். அவருக்குக் கூச்சம். எனக்கு அதைவிடக் கூச்சம்.

நான் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து டேப்பைச் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தேன். செத்த நேரம் கழித்து அவராகவே இடது கையை நீட்டி டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். படகுக் கயிற்றைப் பிடிக்கிற பிடி. அவர் முனையைப் பிடிக்க, நான் மறுமுனையை நகர்த்தினேன். தோள், கை நீளம், கழுத்து. நிற்கிற ஆளுக்கு எடுப்பது போல எடுத்தால் உட்காரும்போது முன்பக்கம் ஏறிக்கொள்ளும், ஆகவே மகனைக் கூப்பிட்டு அவரை நிமிர்த்தி உட்காரவைத்து மறுபடியும் எடுத்தேன். வலது கை மடங்கியே இருந்தது. அதை இழுக்காமல் நுழைக்க அந்தப் பக்கத்துக் கைக்கு இரண்டு இஞ்சு கூடுதல் அகலம் வேண்டும் என்று குறித்துக்கொண்டேன். மகன் எடுத்துக் காட்டிய பழைய சட்டையின் நெஞ்சளவு நாற்பத்து நான்கு. இப்போது டேப் முப்பத்தைந்தில் நின்றது.

திரும்பி எழுதப் போனேன். "எவ்வளவு?" என்றார்.

கடையின் வழக்கப்படி நான் பேசாமல் இருந்தேன். மறுபடியும் கேட்டார்.

"நாற்பது" என்றேன்.

அவர் என்னைப் பார்த்துவிட்டு, முனையைக் கைவிட்டார்.

கடைக்கு வந்து பத்துப் பேருக்கும் வெட்டினேன். அந்த ரோல் பத்தாவது ஆளோடு தீர்ந்துபோனது. ஹாஜிக்கு அலமாரியிலிருந்து அதே நம்பர் போட்ட அடுத்த ரோலை எடுத்து வெட்டினேன். விளக்கு வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றுதான்.

பெருநாளுக்கு நான்கு நாள் இருக்கும்போது முதலாளி என்னை வாசலுக்குக் கூப்பிட்டார். மத்தியான வெயில். இரண்டு கைகளிலும் இரண்டு சட்டைகளைப் பிடித்திருந்தார், ஒன்று மூத்த மகனுடையது, ஒன்று ஹாஜியுடையது. மகனுடையது பச்சையோடிய மயில்கழுத்து. ஹாஜியுடையது நீலமோடியது. நம்பர் ஒன்றுதான், ஆனால் வேறொரு தடவை சாயம் போட்ட வேறு லாட்.

அவர் ஊசி எதையும் குத்தவில்லை. குத்துவதென்றால் எங்கே குத்துவார், சட்டை முழுக்கத் தப்பு. இரண்டையும் என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

எனக்கு ராஜபாளையத்து மில் ஞாபகம் வந்தது. அங்கே மூன்று வருஷம் நான் செய்ததே லாட் கலக்காமல் பார்த்துக்கொள்வதுதான். ஒரு லாட்டுக்கு ஒரு நிறக் கோன், மாறிவிட்டால் நெய்த துணியில் கோடு விழும் என்று ஃபோர்மேன் தினமும் கத்துவார். அந்த மில்லிலிருந்து போனவன், ரோலின் அட்டையைத் திருப்பி லாட் நம்பரைப் பார்க்காமல் வெட்டியிருக்கிறேன். வேறு யார் செய்திருந்தாலும் மன்னிக்கலாம். மொத்த வியாபாரிகளுக்கெல்லாம் போன் போட்டோம். அந்த லாட் ஒரு கெஜம்கூட எங்கும் இல்லை.

மணி அண்ணனுக்கு மனம் கேட்கவில்லை. அரண்மனைக்குள் விளக்கு வெளிச்சம்தான், அங்கே யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள், பேசாமல் மடித்துக் கொடுத்துவிடு என்றார். ஆனால் பெருநாள் காலையில் குடும்பம் முழுக்க வாசலில் நின்று படம் எடுத்துக்கொள்ளும். பத்துப் பேர் ஒரு நிறம், நாற்காலியில் இருப்பவர் மட்டும் வேறு நிறம். சுவரைப் பார்த்துப் படுத்தவரை மறுபடியும் சுவர்ப் பக்கம் திருப்ப அது போதாதா?

அப்போதுதான் பெயர் எழுதி வரிசையாக வைத்திருந்த பத்து மிச்ச மூட்டைகள் கண்ணில் பட்டன. எல்லாம் பச்சையோடிய லாட். ஹாஜியின் உடம்பு இப்போது சின்னது. மலாய்ச் சட்டையோ நம் சட்டை போல இல்லை, இயல்பாகவே பல துண்டுகளால் ஆனது. பக்கத்துக்கு ஒரு நீளப் பட்டை, அக்குளுக்கு ஒரு சதுரம் என்று இணைப்புகள் அதிலேயே இருக்கும். மூட்டையை அவிழ்க்கப் போனேன். முதலாளி தூரத்திலிருந்தே சொன்னார்:

"தம்பி, அது அவுக துணி. கேக்காமத் தொடாதே."

கேட்க வேண்டுமென்றால் தப்பை முதலில் சொல்ல வேண்டும். மறுநாள் ஹாஜா சல்மா வந்தார். இரண்டு சட்டைகளையும் வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் விரித்துக் காட்டினேன். என் மலாய் அளவெடுக்கிற அளவுக்குத்தான் வரும். என் தப்பு, என் தப்பு என்று இரண்டு தடவை சொன்னேன். மூட்டைகளைக் காட்டி, இதில் தைக்கிறேன், ஒட்டுத் தெரியாமல் தைக்கிறேன், அனுமதி வேண்டும் என்றேன்.

அவர் நீலமோடிய சட்டையைத் தடவிப் பார்த்தார். பிறகு சொன்னார். "முழுப் பலகை கிடைக்கிற வரைக்கும் படகு கட்டாம வருஷக்கணக்கா காத்திருந்த மனுஷன் அவர். தைச்சுக் கொடு, ஆனா ஒட்டுப்போட்ட சட்டைன்னு அவருக்குத் தெரிய வேண்டாம்."

கையில் இருந்தது இரண்டு பகல்தான். அதற்குள் முடிக்க வேண்டும். மேஜையில் காகிதத்தில் சட்டையை வரைந்து, மூட்டை மூட்டையாக அவிழ்த்துத் துண்டுகளை அதன்மேல் அடுக்கினேன். முன் நெஞ்சுக்கு மட்டும் பெரிய துண்டுகள். முதுகில் எத்தனை இணைப்பு வந்தாலும் நாற்காலி மறைத்துவிடும். கால்சட்டையின் மேல்பாதி சிஞ்ஜாங்குக்குள் போய்விடும், ஆகவே அதை நீல லாட்டிலேயே விட்டு, முழங்காலுக்குக் கீழே மட்டும் பச்சை லாட்டை இணைத்தேன். இழை ஓட்டம் எல்லாத் துண்டிலும் ஒரே திசையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் வெயிலில் காட்டிக்கொடுக்கும். மணி அண்ணன் தன் வேலையை ஓரம் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். நான் வெட்ட, அவர் தைத்தார். ஒவ்வொரு தையலின் உள்மடிப்பையும் இரண்டு பக்கமும் விரித்து ஈரத்துணி போட்டு அழுத்தித் தேய்த்தோம். நடுவில் ஒருதடவைதான் வாயைத் திறந்தார்.

"வெட்டுனத ஒட்ட முடியாதுன்னு சொன்னேம்லா. இப்ப எம்புட்டு ஒட்ட விடுத பாரு."

சட்டையில் மட்டும் இருபத்து மூன்று துண்டு. முதலாளி வாசலில் வைத்து முன்னும் பின்னும் பார்த்தார். ஊசி இல்லை.

பெருநாள் மாதம் முழுக்க அங்கே வீட்டுக்கு வீடு விருந்து. ஐந்தாம் நாள் ஹாஜா வீட்டுக்கு எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். கூடம் நிறைய மயில்கழுத்து நிறம். ஹாஜி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நெஞ்சை நிமிர்த்தி, சிஞ்ஜாங் கட்டி, தலையில் தொப்பி. அரண்மனைக்குப் போய்ச் சுல்தானுக்கு இடது கையைக் கொடுக்கக் கூச்சப்பட்டு, வலது கையை இடது கையால் தூக்கிக் கொடுத்தாராம். அதைப் பேரன் செய்துகாட்ட எல்லோரும் சிரித்தார்கள். நான் கதவோரம் இடம் பிடித்துக்கொண்டேன்.

ஹாஜி கையசைத்து என்னைக் கூப்பிட்டார். பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தேன். பேச்சு கொஞ்சம் குழறும், ஆனால் புரியும்.

"நாற்பதுன்னே. பொய்தானே?"

ஆமென்று தலையை ஆட்டினேன்.

அவருடைய இடது கை வலது அக்குளுக்குக் கீழே போனது. விரலை அங்கிருந்து முதுகுப் பக்கமாக மெல்ல நகர்த்தினார். படகின் பலகை இணைப்புகளை முப்பது வருஷம் தடவிப் பார்த்த விரல்.

"இதுவும் முழுத் துணி இல்ல. எத்தனை துண்டு?"

தட்டோடு வந்த ஹாஜா அப்படியே நின்றுவிட்டார். முதலாளி கோப்பையைக் கீழே வைத்தார். என்னால் பொய் சொல்ல முடியவில்லை.

"இருபத்து மூணு" என்றேன்.

"எங்க கிடைச்சது?"

"உங்க வீட்டு ஆட்கள் பத்துப் பேருக்கும் வெட்டுன மிச்சம்."

ஹாஜி விரலை எடுத்தார். கூடத்தில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு என்னிடம், "எது யாரோடது?" என்று கேட்டார்.

எனக்கு அத்தனையும் ஞாபகம் இருந்தது. விரல்களை மடக்கிக் கட்டை விரலால் காட்டினேன். இந்த நெஞ்சுத் துண்டு ஹாஜாவின் பாவாடையில் மிஞ்சியது. இடது கை மூத்த மகன். வலது கையின் கூடுதல் அகலம் இளைய மருமகள். காலருக்கு உள்பட்டை கடைசி மகன். அக்குளில் இருக்கும் இந்தச் சதுரம் கடைக்குட்டிப் பேத்தியுடையது, அவள் உடுப்பில் அவ்வளவுதான் மிஞ்சியது. பிள்ளைகள் வந்து சூழ்ந்துகொண்டன. என்னுடையது எங்கே, என்னுடையது எங்கே என்று தாத்தாவின் முதுகைத் தடவித் தேடின. முகத்தின் ஒரு பாதி அசையாத ஹாஜி, மறுபாதியால் சிரித்தார். அவ்வளவு பேர் நடுவில் அவ்வளவு நேரம் நான் பேசியது அன்றைக்கு மட்டும்தான்.

மேஜை எனக்கு நிலைத்தது. மறு வருஷம் ஹாஜா சல்மா வந்து, ரோஜா நிறத்தில் துணி எடுத்தார். இந்தத் தடவை லாட் நம்பரை இரண்டு முறை பார்த்துவிட்டு, பதினோரு பேருக்கும் ஒரே ரோலில் போதும் என்று சொன்னேன்.

"பத்துப் பேருக்கு வெட்டு. அவருக்கு முழுத் துணி வேண்டாமாம். முன்ன மாதிரியே வேணுமாம்" என்றார். கொஞ்சம் சதை பிடித்திருக்கிறார், அளவெடுக்க எப்போது வருகிறாய் என்றும் கேட்டார்.

துணியை வீணாக்காமல் வெட்டுகிறவன் என்று எனக்குக் கடையில் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயர் எனக்குப் பெருமையும்கூட. ஆனால் ஹாஜி உயிரோடு இருந்த நான்கு வருஷமும் அந்த ஒரு குடும்பத்துக்கு மட்டும் வெட்டுக் கோட்டைத் தள்ளிப் போட்டு, கத்தரியைக் கொஞ்சம் தாராளமாகவே விட்டேன். மிச்சம் நிறைய விழ வேண்டுமே.